எழுத்து எழுத்தா

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
எடை எழுதுகிறவள் நான்.
முதலாளி ராமநாதபுரத்தில் வாங்கிய
பழைய கம்ப்யூட்டரை
மீன்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.
உள்ளே லினக்ஸ், காசில்லை என்றார்.
கேட்டுக்கொள்ளவும் ஆளில்லை என்பது
அவர் போனபிறகுதான் உறைத்தது.

நண்டு போட்டவர்களின் பெயரைத் திறந்தேன்.
லூர்துராஜ் இல்லை, முனியம்மா இல்லை.
பெயர் இருக்கவேண்டிய இடமெல்லாம்
நண்டுக்கூடு மாதிரி
வெறும் கட்டம், கட்டம், கட்டம்.
எடை மட்டும் சரியாக இருந்தது.
யாருக்குக் கொடுப்பேன் நாலரைக் கிலோவின் காசை?

பிரவுசிங் சென்டர் டெல்வின்
நிமிர்ந்தே பார்க்கவில்லை.
"அதைத் தூக்கிப் போடுங்கக்கா. எல்லாரும் வச்சிருக்கறதையே
ஏத்தித் தாரேன், ஆயிரத்தைந்நூறு."
திருட்டுக் காப்பியா என்றேன்.
"யாரு வந்து பாக்கப் போறா?"

பெட்டியின் முதுகில்
மார்க்கரால் எழுதிய நம்பர் பாதி அழிந்திருந்தது.
கடைசி எண் ஒன்றா ஏழா?
ஒன்று, பரமக்குடியில் ஒரு டெய்லர்.
ஏழு, கீழக்கரை ஃபவ்சியா.
பெட்டியை விற்றவளே அவள்தான்.
"எனக்கும் பெருசா ஒண்ணும் தெரியாதுங்க.
போன நோன்புலதான் தொட்டேன்."

வேலை செய்யலை என்றேன்.
"அப்படிச் சொன்னா எப்படி?
திரையில என்ன இருக்கோ
அதை எழுத்து எழுத்தாப் படிங்க."

எனக்குச் சுருக்கென்றது.
கடலில் நின்றுபோன தம்பி ரீகன்
என்ஜின் ஓடலை என்று மட்டும் கத்தினால்
வயர்லெஸில் மெக்கானிக் கேட்பார்:
புகை கறுப்பா வெள்ளையா?
அதைச் சொல்லாதவனுக்கு
எந்தக் கரையும் உதவாது.

சாயங்காலமானால் எங்கள் ஆபீஸுக்குள்
இலங்கை டவர் நுழைந்துவிடும்.
வருக வருக என்று குறுஞ்செய்தி வரும்,
பேச்சு அறுந்துவிடும்.
ஐஸ் ரூம் மேற்குச் சுவரோரம் மட்டும்தான்
நம்மூர் சிக்னல்.
ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு
சுவருக்கு ஓடுவேன், ஒப்பிப்பேன்.
அவள் சொல்வதை வாயிலேயே முணுமுணுத்துக்கொண்டு
திரைக்கு ஓடிவருவேன்.
நண்டு உரிக்கும் பெண்கள்
எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று
கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அங்க பியா டியா?"
"பாறைமீனுக்கு வர்ற பி."
"சூடைக்கு எஸ், சரியா?"
"சரி. நடுவுல இடம் விடணும்,
விட்டீங்களா?"
விடவில்லை.
மறுபடி ஓடினேன்.

ஏழாவது தடவை
கடவுச்சொல் கேட்டது கறுப்பு ஜன்னல்.
தட்டினேன்.
ஒரு புள்ளிகூட விழவில்லை.
அழுத்தித் தட்டினேன்.
விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டியதில்
யாரோ தின்ற காராச்சேவு கொட்டியது.
சுவருக்கு ஓடி, செத்துப்போச்சு என்றேன்.

ஃபவ்சியா சிரித்தாள்.
"நானும் அப்படித்தாங்க அழுதேன், ரெண்டு நாள்.
அது காட்டாது. ஆனா வாங்கிக்கும்.
கண்ணை மூடிட்டுத் தட்டி
என்டரை அழுத்துங்க."

வரிவரியாக ஏதோ ஓடியது.
நின்றது.
மூடித் திறந்தேன்.
முனியம்மா வந்தாள் முதலில்,
கொம்போடும் புள்ளியோடும்.
நாலரைக் கிலோ.

இதெல்லாம் ஆடியில்.
பிரிண்டர் மட்டும் ஐப்பசி வரை மசியவில்லை,
சீட்டைக் கையால்தான் எழுதினேன்.
ஃபவ்சியாவும் கைவிரித்துவிட்டாள்.
நேற்று மழைக்கு லோடு வரவில்லை.
அது காட்டிய பிழையை
முதல் எழுத்திலிருந்து நானே படித்தேன்.
நாலாவது வரியில் இருந்தது விஷயம்.
சரசரவென்று சீட்டு வந்து விழுந்தது,
கொஞ்சம் கோணலாக.

நனைந்துகொண்டே மேற்குச் சுவருக்குப் போனேன்.
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமே இல்லை.
டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இருங்க இருங்க, பேனா எடுத்துக்கறேன்.
எங்க வீட்டுலயும் அதுதான் ஓடலை.
ஆங், சொல்லுங்க.
மெதுவா."