561-ஆம் பக்கம் வரை

முதலில் எடை பாருங்கள்.
என் சமையலறைத் தராசில் ஒரு கிலோ நானூறு.
மல்லாந்து படித்தால் மூக்கில் விழும்.
எனக்கு விழுந்திருக்கிறது, இரண்டு முறை.

ரொட்டிக் கத்தியை எடுத்து
முதுகில் போடுங்கள் ஒரே கோடு.
பாவமெல்லாம் இல்லை.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம்
எந்தக் கோட்டுப் பையிலும் நுழையாது,
பாதி நுழையும்.

முதல் எண்பது பக்கம் ஒன்றும் புரியாது.
புரிந்தால் வேறு புத்தகத்தை வாங்கிவிட்டீர்கள்,
கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் டுலூத்தில் தூக்குப்பாலம் இயக்குகிறவன்.
இரவுப் பணி.
இரும்புத்தாது ஏற்ற வரும் கப்பல்
ஏரியின் இருட்டிலிருந்து
ஒரு நெடில் இரண்டு குறில் ஊதும்.
பக்கத்தை மடித்துவிட்டுப் பாலத்தை உயர்த்துவேன்.
கப்பல் கடக்க இருபது நிமிடம்.
சில வாக்கியங்கள் அதைவிட நீளம்:
133-இல் புறப்படும் ஒன்று
139-இல்தான் கரை தொடும்.
எழுவாய் எங்கே பயனிலை எங்கே என்று
துழாவாதீர்கள்,
ஏறி உட்கார்ந்து போய்க்கொண்டிருங்கள்.

பெயர்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.
நில அளவைக்காரனுக்கு மூன்று பெயர்,
அவன் நாய்க்கு நான்கு.
வெறும் 'அவர்' என்று வருகிறவர் யாரென்று
பதினோரு பேரை எழுதி
ஒன்பது பேரை அடித்திருக்கிறேன்.
மிச்சம் இருவரில் ஒருவர் அந்த நாய்.

212 முதல் 260 வரை
அணைக்கட்டின் காப்பீட்டுப் பத்திரம்.
தாண்டிவிடு என்பார்கள். தாண்டாதீர்கள்.
ஏழாம் பிரிவின் உட்பிரிவு ஒன்றில்
ஒரு குமாஸ்தா மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான்,
'இழப்பீடு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

அதை எனக்குக் காட்டியவள் ஐலி ராண்டனென்.
தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள்,
கிறுக்கல் எதுவும் அவளிடம் தப்பாது.
ஒரே பிரதி, இருவர்:
நான் முன்பாதியில் இருந்தால் அவள் பின்பாதியில்.

97-இல் மூழ்கிப்போன பெண்ணும்
430-இல் சலவைக்கடை நடத்தும் பெண்ணும்
ஒருத்தியே என்றாள் ஐலி.
இடது கட்டைவிரலைப் பார், என்றாள்.
தேதியைப் பார், என்றேன் நான்.
நாலு குளிர்காலம்
உப்புக்குப் பெறாத அந்தச் சண்டை ஓடியது.
போகப் போக அதில்
டிக்கெட் இல்லாமல் வேறு சண்டைகளும் ஏறிக்கொண்டன.

மார்ச்சில், கரையோரப் பனிக்கட்டி விடுவதற்கு முன்,
வடக்கே தண்டர் பேக்குப் போய்விட்டாள்.
பின்பாதியும் அவளோடு போயிற்று.
வேண்டுமென்றா, கைதவறியா,
நான் கேட்கவில்லை.

புதுப் பிரதி வாங்கினேன்.
அதே எழுத்து, அதே காற்புள்ளிகள்.
ஓரங்கள்தான் வெள்ளை.
அவளுடைய பென்சில் கேள்விக்குறி இல்லாமல்
யாரோடு முரண்படுவது?
ஆகவே 562-க்கு மேல்
என் யோசனைகள் கொஞ்சம் மெலிந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.
700 வாக்கில் ஒரு சாவு வீட்டில் சிரிப்பு வரும்;
பேருந்தில் படிக்க வேண்டாம்.
அடிக்குறிப்புகளைக் காலையில் படியுங்கள்.
அவ்வளவுதான் தெரியும்.

போன நவம்பரில் ஒரு தபால் அட்டை, ஒன்பது வருடம் கழித்து.
முன்புறம் தானியக் கிடங்கு. பின்புறம்:
'988, கீழிருந்து மூன்றாவது வரி.
இரண்டு பெண்கள்தான். நீ சொன்னதே சரி.'
நலமா என்றுகூட இல்லை.

இதற்குள் நான் ஆறு முறை படித்து
அவள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன்.
ஒருத்திதான். கட்டைவிரல்தான் சாட்சி.
அதை எப்படி ஒரு அட்டையில் எழுதுவது?

அன்றிரவு பணியில் 988-ஐ விரித்தேன்.
சலவைக்காரி கொடியில் ஒற்றைக் கையுறையைக் காயப்போடுகிறாள்.
இடதுகைக் கையுறை. கட்டைவிரல் முழுசாக.
வேறொன்றும் இல்லை அந்த வரியில்.
மறுபடி படித்தேன்.
ஊதல் கேட்டது, உயர்த்தினேன், மறுபடி படித்தேன்.
கையுறைக்குள் விரல் இருந்தாக வேண்டும் என்று
யார் சொன்னது, ஐலி?

கப்பல் எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தது.
பாலம் மேலேயே நின்றது.
கீழே நாலைந்து கார்கள்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன,
எல்லாம் நெடில்.