கீழே ஒரு தட்டு

நான்கு பால்கூடைகளிலும்
ஒரு குழந்தைக் குளியல் தொட்டியிலுமாக
வந்து இறங்கியது வண்டி.
ஐம்பத்தொன்பதாம் ஆண்டு பி.எஸ்.ஏ., இரட்டை சிலிண்டர்.
"எல்லாம் இருக்கிறதா என்று எண்ணவில்லை" என்றார் ஐலா,
நான் கொடுத்த காசை எண்ணியபடி.

சட்பரியில் ஜனவரி.
கராஜ் கதவின் உள்பக்கமும் பனி பூத்திருந்தது.
ஹீட்டருக்கு முன்னால் முதலில் எஞ்சின்,
மிச்ச இடத்தில் நான்.

என் ஸ்பானர்கள் ஒன்றும் சேரவில்லை.
மில்லிமீட்டர் வழுக்கியது, அங்குலம் நுழையவில்லை.
விட்வொர்த் என்று மூன்றாவதாக ஓர் அளவு,
பிறந்த நாடே கைகழுவிய அளவு,
அதற்கென ஒரு செட் வாங்கினேன்.
என் மகள் யாழிசை ஒன்றை எடுத்து அளந்தாள்:
"கால் அங்குலம் என்று போட்டிருக்கு, வாய் அரை அங்குலம் இருக்கே?"
அது போல்ட்டின் தடிமனாம், வாயின் அகலம் இல்லையாம்.
"அப்போ தப்பாத்தானே எழுதியிருக்கு."
தப்புத்தான். ஆனால் பொருந்துகிறது.

கிரான்க் தண்டுக்குள் கசடு தங்க ஒரு குழாய் உண்டு.
அதன் மூடியைத் திறக்க மூன்று இரவு,
இரண்டு டிரில் பிட், யாழிசை கேட்கக்கூடாத சில சொற்கள்.
உள்ளே கறுப்பு மெழுகு.
ரெய்னோ ஓட்டிய மைல் அத்தனையும்
ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிட்டது.

டாங்கின் பெயிண்டைச் சுரண்டினால்
ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள்.
கம்பெனியின் சின்னம்.
புது ஸ்டிக்கர் தருவித்தேன், உறையிலேயே கிடக்கிறது.
காரணம் கேட்பவர்களிடம்
பசை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

காணாமல் போனது ஒன்றே ஒன்று.
நகத்துண்டு அளவில் அரைநிலா இரும்பு.
சாவி என்று பெயர், பூட்டு எதுவும் கிடையாது.
அச்சுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே
இரண்டும் விலகாமல் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.
பர்மிங்காமிலிருந்து உறையில் வந்தது.
சாமான் இரண்டு பவுண்டு, தபால் பதினொன்று.

ஜூன் மாதம், பதினான்காவது உதையில்
பிடித்துக்கொண்டது.
தெரு முழுக்க ஜன்னல்கள் திறந்தன.
யாழிசை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
இரண்டு தெரு தள்ளியிருந்த ஐலா
வீட்டுச் செருப்போடு வந்து நின்றார்,
கையில் பழைய ஆஸ்பிரின் புட்டி.

உள்ளே அரைநிலா.

"அவருடைய தம்பி இதேபோல ஒரு வண்டியில் செத்த வருடம்.
எனக்கு ஏழு மாதம்.
எஞ்சினைப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டு
ரெய்னோ சுரங்கத்துக்கு இரவு ஷிப்ட் போயிருந்தார்."
தேடினாரா, என்று கேட்டேன்.
"ஒரு சனிக்கிழமை முழுக்க.
அப்புறம் தேடவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை."

ஒரு கடிதம் போட்டால்
அந்த நாளில் அரை டாலருக்கு வந்திருக்கும்.
நாற்பத்தெட்டு வருடம்
ரெய்னோ கடிதம் போடவில்லை.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஐலா ஓடுகிற எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று கேட்காமல்.
சொல்லவில்லை.

அன்றிரவு சூடு ஆறியதும் மூடியைக் கழற்றி
பர்மிங்காம் சாவியை எடுத்துவிட்டு
புட்டியில் இருந்ததைப் போட்டேன்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
காகித கேஸ்கெட் கிழிந்துபோனது,
மாற்று இல்லை.
கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை வெட்டி வைத்து முடுக்கினேன்.

அந்த மூலையில் இன்றும் எண்ணெய் கசிகிறது,
நிமிடத்துக்கு ஒரு சொட்டு, சரியாக.
பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்,
நல்ல கேஸ்கெட் எட்டு டாலர்தானே,
கடிதம்கூட வேண்டாம், போனில் ஒரு தட்டு.

ஆமாம் என்கிறேன்.
கீழே ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.