கையளிப்புக் குறிப்பு

திரு. பரஞ்சோதி அவர்களுக்கு,
கடவுச்சொற்கள் தனி உறையில் இருக்கின்றன.
ஒப்பந்தக் கோப்புகள் இடப்புற அலமாரியில்.
சிவப்புத் தாள் ஒட்டியவை நிலுவை.
இது அவற்றில் சேராதது.

மூன்றாவது இழுப்பறை சிக்கும்,
சற்றே தூக்கி இழுக்க வேண்டும்.
உள்ளே நான்கு அட்டை அசிடிட்டி மாத்திரை,
கெடு தாண்டிய ஒரு டப்பா பாதாம்,
விலைச்சீட்டு அறுக்காத ஓட்டக் காலணி ஒரு ஜோடி.
உங்கள் கால் ஒன்பது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.
மாத்திரையை எடுக்காதீர்கள்.
வெறும் நெஞ்செரிச்சல் என்றே
இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி இங்கே விடுமுறை, லண்டனுக்கு இல்லை.
ஞாயிறு லண்டனுக்கு விடுமுறை, நமக்கு இல்லை.
சனிக்கிழமை இருவருக்கும் விடுமுறை என்பதால்
அன்றுதான் நிதானமாகப் பேசலாம் என்பார்கள்.
பேசாதீர்கள்.
ஃபோனை அரிசி டப்பாவில் போட்டு மூடுங்கள்.
ஒருமுறை நானும் போட்டு மூடினேன்,
அரை மணி நேரம் தாங்கினேன்.

ஷர்க்கில் பதினெட்டாம் மாடி, மூன்று பக்கமும் கண்ணாடி.
வெயில் கொட்டிக் கிடக்கும் ஊரில்
என் ரத்தத்தில் வெயில் இல்லை என்று
ரிப்போர்ட் வந்தது. வைட்டமின் டி: ஒன்பது.
பேஸ்மென்ட், லிஃப்ட், அறை,
லிஃப்ட், பேஸ்மென்ட், வீடு.
குவைத்தின் ஆகஸ்டை
தொட்டிக்குள் இருக்கும் மீன்போல்தான் பார்த்திருக்கிறேன்.

நாம் விற்பது பம்ப்.
நாலாயிரம் மணி ஓடினால் நிறுத்திப் பிரித்துப் பார் என்று
வாங்குபவனுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன் நான்.
உவமை வேண்டாம், டாக்டரே சொல்லிச் சிரித்துவிட்டார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
அப்போது மணிக்கட்டு வழியாக ஒரு கம்பி
உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஆபீசில் வேறு மாதிரி சொல்வார்கள். நடந்தது இது:
மார்ச் பதினொன்று, காலாண்டுக் கூட்டம்.
முப்பத்தேழாவது ஸ்லைடில் இடக்கை கனத்தது.
இன்னும் ஐந்து இருந்தன.
முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
கைதட்டினார்கள்.

வெளியே வந்தேன். வரவேற்பு மேசை நெர்மீன்
முகத்தைப் பார்த்து அரபியில் ஏதோ கேட்டாள்.
பதினாறு வருடம் இருந்தும் எனக்குப் புரியவில்லை.
அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை,
ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டாள்.

அந்த ஐந்து ஸ்லைடில் என்னதான் இருந்தது?
ஆஸ்பத்திரிக் கட்டிலில் யோசித்துப் பார்த்தேன்.
ஒன்று உதிரிபாக இருப்பு.
மற்றவை ஞாபகம் வரவில்லை.

உங்களுக்கு என்னைவிட இரண்டு வயது கூட.
புத்தி சொல்லும் தகுதியும் எனக்கில்லை,
நாளுக்கு ஆறு மாத்திரை விழுங்குகிறவன்.
ஆனாலும்,
கீபோர்டுக்கு மேல் டிஃபனைத் திறக்காதீர்கள்.
பின்தெருவில் ஈரானியர் ரொட்டிக்கடை இருக்கிறது,
வாங்கிவரப் போய்த் திரும்ப எண்ணூறு அடி.
(எண்ணியது போன வாரம்.)
படிக்கட்டுக் கதவு பச்சை விளக்கின் கீழே.
திறந்தால் அலாரம் அடிக்காது,
அடிக்கும் என்றே நினைத்திருந்தேன் இத்தனை நாளும்.
இருட்டியபின் கல்ஃப் ரோட்டில் நடக்கலாம்.
கடற்காற்றின் ஈரத்தில் மூக்குக்கண்ணாடி மங்கும்,
சட்டை நுனியில் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ராத்திரி பதினொன்றுக்கு ஹூஸ்டன் கூப்பிடும்.
எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று
ஒருநாளும் சோதித்ததில்லை.
ஏழு வாரமாக இப்போது சோதனை நடக்கிறது.
பம்புகள் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.
அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு எனக்கு.

நாற்காலி என் உயரத்துக்கு வைத்தது.
வலக் கைப்பிடிக்குக் கீழே ஒரு நெம்பு இருக்கும்,
இறக்கிக்கொள்ளுங்கள்.
இழுப்பறைச் சாவி நெர்மீனிடம்.
வாங்கும்போது, முடிந்தால்,
அன்று என்னிடம் என்ன கேட்டாள் என்று
கேட்டுச் சொல்லுங்கள்.
நானே கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
த. வில்வநாதன்