வெறும் பவுசர்

மகளின்ர இசட் புள்ளி
எனக்கு இப்ப பவுசரின்ர நம்பர் மாதிரி.
நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்:
ஒண்டு தசம் பூச்சியம் நாலு ஆறு இரண்டு.
அது காணுமோ காணாதோ எண்டு
எனக்கு விளங்கேல்லை.
அவளுக்கும் தெரியாதாம்.
வெட்டுப்புள்ளி வந்தால்தான் தெரியுமாம்.
போன வருசத்தோட வைச்சுப் பார்த்தால்
ஒரு மயிரிழை மேல.
அதுக்கு முந்தின வருசத்தோட
ஒரு மயிரிழை கீழ.

சோதினை முடிஞ்சது மாரியில.
மறுமொழி வந்தது சித்திரை வெயிலில.
இப்ப ஆடி. விசுவமடுவில
கிணறெல்லாம் அடி தெரியுது.

விடிய நாலரைக்கு பவுசரை எடுக்கிறன்.
ஒவ்வொரு படலையிலும் குடத்தோட சேர்த்து
ஒரு கேள்வியும் வைச்சிருக்கினம்.
"வதனிக்கு வந்திட்டுதோ?"
"என்ன கிடைக்குமாம்?"
"றெட்பானாவில ஒரு பெடிக்கு மெடிசின் நிச்சயமாம்."
குழாயைத் திறந்துவிட்டு
இரைச்சலில கேக்காத மாதிரி நிக்கிறன்.
ஆயிரம் லீற்றர் இறங்கிற நேரத்துக்கு
ஒரு மனிசன் செவிடாய் இருக்கலாம்.
அந்தக் கேள்வியளை நான்
வீட்டை கொண்டுபோறேல்லை.

முதல் மாதம் பிழை விட்டனான்.
"யோசியாத, எல்லாம் கிடைக்கும்" எண்டன்.
"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எண்டாள்.
கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போனாள்.
பிறகு, "கிடைக்காட்டிலும் பரவாயில்லை" எண்டன்.
அது அதைவிடப் பிழையாப் போச்சு.
அதுக்குப் பிறகு
கச்சான் ஆய வா எண்டு மட்டும் கூப்பிட்டன்.
சாக்கை விரிச்சு ரெண்டு பேரும் இருந்து ஆய்ஞ்சம்.
சொத்தைக் கச்சானை என்ர பக்கம் எறிஞ்சாள்.
நான் திருப்பி எறிஞ்சன்.
கனநாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான்
பல்லுத் தெரியச் சிரிச்சவள்.

செல்வமலரக்காவின்ர படலையில மட்டும்
அந்தக் கேள்வி இல்லை.
பதினைஞ்சு வருசமாய் அவவிட்டை ஆக்கள்
"ஏதும் தெரிய வந்ததோ" எண்டு கேக்கினம்.
குடம் நிரம்பினதும்
"பிள்ளை சாப்பிடுறாளோ?" எண்டா.
அதுக்கு என்னட்டை மறுமொழி இருந்தது.
"முட்டை பொரிச்சுக் குடுத்தால் சாப்பிடுறாள்."
அடுத்த நாள் ஆறு முட்டை
பால்மாப் பையில போட்டுத் தந்தா.
காசு வேண்டேல்லை.

எங்கட வளவில சிக்னல் இல்லை.
பவுசருக்கு மேல ஏறினால் ரெண்டு கோடு வரும்.
முந்தி அதைப் பாலைமரத்தடியில விடுறனான், நிழலுக்கு.
இப்ப வேலிக்கரையில, வெளியில விடுறன்.
ஏணியைக் கழட்டுறேல்லை.
நான் ஒண்டும் சொல்லேல்லை,
அவளும் ஒண்டும் கேக்கேல்லை.
பொழுது படச் செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுவாள்.

நிரம்பின தாங்கி சத்தம் போடாது.
வெறும் தாங்கியில ஒரு விரல் தட்டினாலும்
குசினிக்குக் கேக்கும்.
அதால எனக்குத் தெரியும்
எப்ப குந்தினவள், எப்ப காலை நீட்டினவள்,
எப்ப போனை நெஞ்சில வைச்சுக்கொண்டு
மல்லாந்து படுத்தவள் எண்டு.
தாய்க்காரி தேங்காய் திருவுறதை நிப்பாட்டிப்போட்டுக்
காது குடுப்பாள்.

நேற்று தடார் எண்டு ஒரு சத்தம்.
எழும்பி நிண்டிட்டாள்.
ரெண்டு பேரும் முற்றத்துக்கு ஓடினம்.
"என்ன பிள்ளை, வந்திட்டுதோ?"
கேக்கக்கூடாத கேள்வி. என்ர வாயாலயே.
"மயில் அப்பா!" எண்டாள்.
"காயவிட்ட கச்சானைக் கிண்டுது!"
மூண்டு பேரும் மயிலைக் கலைச்சம்.
கல்லெறிஞ்சு, கைதட்டி, கத்தி,
அது காட்டுக்கை பறந்து போனபிறகும்
இன்னும் கொஞ்ச நேரம் கத்தினம்.

இண்டைக்கும் வரேல்லை.
நாளைக்குத் தொட்டியடிக்கு மூண்டு நடை.
கடைசிச் சொட்டு வரைக்கும் இறக்கிப்போட்டுத்தான்
வீட்டை வருவன்.