இரண்டாம் பொத்தான்

வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்ற
நகம் போதவில்லை.
புரோக்கர் ஞானசேகர்
பல்குத்தும் குச்சியால் நெம்பிக் கொடுத்தார்.
"அவ்வளவுதான் மேடம்,
இனிமே அது வேற வீட்டுப் பொண்ணு."

கும்பகோணம் பைபாஸ் வெயிலில்
என் சிவப்பு வண்டி அப்போதும்
எங்கோ கிளம்பப்போகிற மாதிரியே நின்றது.
நிற்கத் தெரியாத வண்டி.
வெண்ணாற்றங்கரைச் சாலையில்
ஆறு திரும்புமுன் அது திரும்பும்.
வடுவூரில் எடுத்த ரத்தக் குப்பிகளை
ஐஸ் உருகுமுன்
மன்னார்குடி லேபில் சேர்த்துவிடும்.
மூன்றாவது கியரில் அது போடும் சத்தத்துக்குக்
கொக்குகள் எழுந்து வேறு வயலில் உட்காரும்.
பின்கதவுப் பள்ளம்
உள்ளிக்கோட்டைக் கிடாரி ஒன்று உதைத்தது.
பட்டி பார்க்கச் சொன்னார்கள்.
பார்க்கவில்லை.

புதிதாக வந்தது பழசு.
பன்னிரண்டு வயசு ஜெர்மன்காரன்,
காரைக்கால் பதிவெண்,
மரைக்காயர் ஒருவர் வைத்திருந்தது.
கதவைச் சாத்தினால்
நெல்மூட்டைமேல் நெல்மூட்டையை இறக்கிய சத்தம்.
என் சிவப்பும் மேலே தொண்ணூறாயிரமும்தான் விலை.
யாரும் நம்பவில்லை.
கும்பாபிஷேக நன்கொடை நோட்டில்
என் பெயருக்கு நேரே ஒரு சைபர் கூடியது.
மூன்று வருஷமாகப் பேசாத தங்கை வீட்டுக்காரர்
போன் பண்ணி உடம்பை விசாரித்தார்.
முதுகுவலிக்காக வாங்கினேன் என்றால்
சிரிக்கிறார்கள்.

டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு.
தஞ்சாவூர் மெக்கானிக் பீட்டர்
லேப்டாப்பைச் செருகிப் பார்த்து
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"ஓடும் மேடம். விளக்கைப் பாக்காதீங்க."
தினமும் நாற்பது பேருக்குச்
சர்க்கரை ரிப்போர்ட் கொடுக்கிறவள் நான்.
ஒருவருக்கும் இப்படிச் சொன்னதில்லை.

இந்த வண்டியின் இருக்கைக்கு ஞாபகம் உண்டு.
கதவோரம் மூன்று பொத்தான்கள்.
ஒன்றை அமுக்கினால்
நெட்டையான ஒருவருக்காகப் பின்னால் போய்ச் சாயும்.
மரைக்காயராக இருக்கும்.
இரண்டை அமுக்கினால்
முன்னால், மேலே, இன்னும் மேலே,
ஸ்டியரிங் நெஞ்சில் முட்டும் வரை.
குள்ளமான யாரோ. பயந்து பயந்து ஓட்டிய யாரோ.
இல்லை, எல்லோரும் தூங்கின மத்தியானம்
சாவியைத் திருடின யாரோ.
ஆர்.சி. புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை.
என் உடம்பை மூன்றில் பதிந்துகொண்டேன்.

சம்பா அறுப்பு.
பாதி ரோட்டில் நெல் காய்கிறது,
ஓரம் காக்கக் கருங்கல் வரிசை.
மீதிப் பாதியில் சிவப்பு நுழைந்து போய்விடும்.
இது அகலம், அடிவயிறு தாழ்வு.
நின்றேன்.
நெல் துழாவிக்கொண்டிருந்தவள்
ஒவ்வொரு கல்லாக நகர்த்தி,
துடைப்பத்தால் நெல்லை ஒதுக்கி
வழிவிட்டாள்.
எனக்கா, வண்டிக்கா,
அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

பிறகு நீடாமங்கலம் கேட்.
வண்டிகள் ரொம்ப தூரம் நிற்க,
வலது ஓரமாக ஏறி
வரிசையை மீறி முன்னால் வந்தது ஒரு சிவப்பு.
பள்ளத்தைப் பார்த்தேன்.
கிடாரி.
உள்ளே, மீசை இப்போதுதான் அரும்பும் பையன்.
என் பக்கம் திரும்பினான், பாட்டைக் குறைத்தான்.
கேட் ஏறியதும்
கையை வெளியே நீட்டி,
"நீங்க போங்க மேடம்."

என் வண்டி எனக்கு வழிவிட்டது.
போனேன்.
பின்னால் அது உறுமியிருக்கும்.
கண்ணாடி தடிமன்,
ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி ஷெட்டில்
சும்மா இரண்டாம் பொத்தானை அமுக்கினேன்.
இருக்கை என்னை மெல்லத் தூக்கி
யாருடைய உயரத்திலோ வைத்தது.
அங்கிருந்து தெரிந்தது:
எதிர்ச் சுவரில், முழங்கால் மட்டத்தில்,
ஒரு அவசரக் காலையில் உரசின
சிவப்புக் கோடு.