பேட்டரி தனி

சனிக்கிழமை, சி புளோக்குக்குக் கீழே
பூப்பந்துத் திடலில் கூடாரம் போட்டார்கள்.
'காவலரும் மக்களும் ஒரே குடும்பம்' என்று பேனர்.
காற்றில் அந்தக் 'குடும்பம்' மட்டும்
மடங்கி மடங்கி விழுந்துகொண்டிருந்தது.

நாசி லெமாக் இருநூறு பொட்டலம்.
ஒன்பதுக்கு வருவதாக இருந்த பெரிய அதிகாரி
பத்தே முக்காலுக்கு வந்தார்.
அவருக்காக ராத்திரியோடு ராத்திரியாக
குப்பைத்தொட்டியை மாற்றியிருந்தார்கள்.
லிஃப்டை மாற்றவில்லை.
அவர் மேலே போக மாட்டார் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

நான் ராத்திரி வேலை முடிந்து நேரே வந்தேன்.
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடம்.
கையில் குளோரின் வாடை.
வந்தது பொட்டலத்துக்குத்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு பாரம் கொடுத்தார்கள்:
உங்கள் வட்டாரத்தில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?
ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிடவும்.

யாரிடமிருந்து என்று கேட்கவில்லை.

கோகிலவாணியின் மோட்டார் சைக்கிள் மார்ச்சில் போனது.
பிள்ளைகளின் ஐசி எண்ணைவிட
ரிப்போர்ட் எண்தான் அவளுக்கு மனப்பாடம்.
கேட்டுத் தலையாட்டியவர்கள் இதுவரை நாலு பேர்.
இன்றைக்கு ஐந்தாமவர்.
அவர் எழுதியும் கொண்டார்,
பொட்டலம் சுற்றிய தாளின் ஓரத்தில்.

என் மகன் லோகேந்திரன் இறங்கவே இல்லை.
சாப்பாடு டெலிவரி செய்கிறவன்.
செந்தூல் ரோட்டில் இந்த வருஷம் பதினோரு தடவை
நிறுத்தியிருக்கிறார்கள்.
பதினோரு தடவையும் ஐசி, பதினோரு தடவையும் பை.
யாருடைய மீ கோரேங்கோ ஒருநாள்
கார் பானெட்டின்மேல் ஆறிப்போனது,
அதற்கும் இவன் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.
"மாத்தா வீடு தேடி வந்து சோறு போடுறாங்களாம்மா?"
என்று போனில் சிரித்தான்.
அவன் சிரிக்கலாம்.
வேலையிடத்தில் நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால்
எனக்கு முதலில் முழங்கால்தான் செத்துப்போகிறது.

கேள்வி நேரம். ஆ லான் ஆண்டி எழுந்தார்.
மூன்று மொழியை உடைத்து ஒரு வாக்கியம் செய்தார்:
நாலாம் மாடியில் தூள் விற்கிறவனை
என் பூனைக்குக்கூடத் தெரியும்,
உங்களுக்கு எப்படித் தெரியாமல் போச்சு?
நல்ல கேள்வி, என்றார் பெரியவர்.
இங்கே கேட்ட நல்ல கேள்விகளை அடுக்கினால்
இன்னொரு புளோக் கட்டிவிடலாம்.

கூடாரத்துக்குப் பின்னால் சிகரெட்டோடு
கோப்ரல் ஷுக்ரி மெல்லச் சொன்னார்:
அக்கா, ஒரு ஷிஃப்டுக்கு ஆறு பேர்.
கார் இரண்டு. அதில் ஒன்று பட்டறையில்.
அதை மேடையில் சொல்லியிருந்தால்
கை தட்டியிருப்பேன்.

பாரத்தில் மூன்றை வட்டமிட்டேன்.
மூன்று என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

லக்கி டிராவில் எனக்கு டார்ச்லைட் விழுந்தது,
பிடியில் முத்திரை அச்சிட்டது.
பேட்டரி தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

வியாழன் எனக்கு லீவு.
மணி இரண்டு. லோகேன் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.
லிஃப்ட் ஆறாம் மாடியில் வாயைப் பிளந்து நின்றது.
படிக்கட்டு விளக்கு செத்து ஏழு மாதம்.
டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு
இறங்கினேன்.

கீழேயிருந்து பூட்ஸ் சத்தம்.
ஒரே ஆள். சின்னப் பையன்.
தொப்பி கக்கத்தில், மூச்சு தொண்டையில்.
கேமரா இல்லை, பேனர் இல்லை.
ஒரு வீட்டு எண்ணைச் சொல்லி, எந்தப் பக்கம் அக்கா, என்றார்.

எந்த எண் என்று இங்கே எழுத மாட்டேன்.

யாரோ கூப்பிட்டு வருகிறாரா,
யாரையோ கூட்டிப்போக வருகிறாரா?
அந்த முகத்தில் வியர்வை மட்டும்தான் இருந்தது.

வெளிச்சத்தை முதலில் அவர் நெஞ்சில் அடித்தேன்.
நஸ்ருல்.
பெயருக்குக் கீழே இருந்த எண்ணை
இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.
கண்ணைச் சுருக்கியபடி நின்றார்,
கையைத் தட்டிவிடவில்லை.

அப்புறம்தான் படியில் அடித்தேன்.
அடுத்த படி உடைஞ்சிருக்கு,
பார்த்து, என்றேன்.