தலைப்பெழுத்து

புவன விஸ்தாவில், நிலத்துக்கு இரண்டு மாடி கீழே
பகலை விளக்குதான் தீர்மானிக்கிறது.
காலை ஏழுக்கு எரியும், இரவு ஏழுக்கு அணையும்.
மேலே மழையா என்று எலிகளுக்குத் தெரியாது.
குடையை மாடியில் விட்டுவந்த எனக்கும்.

முடியில்லாத எலிகள்.
பிறவியிலேயே தைமஸ் இல்லை.
நெஞ்செலும்பின் பின்னால், இதயத்தின் தலைமாட்டில்
இரண்டு மடலாக அமர்ந்திருக்க வேண்டிய சுரப்பி;
இவற்றுக்கு அங்கே ஒரு வெற்றுப் பை.

தைமஸ் சாதாரண வீடில்லை.
மஜ்ஜையிலிருந்து வந்துசேரும் பிஞ்சு அணுக்களை
வாசலில் நிறுத்தி இரண்டே கேள்வி கேட்கும்:
உன் உடம்பை உனக்கு அடையாளம் தெரிகிறதா?
தெரிந்தபின் அதைக் கடிக்காமல் இருப்பாயா?
நூறு போனால் ஐந்துகூடத் தேறாது.
தோற்றவற்றுக்கு நார்மல் டெக்னிக்கல் கிடையாது.
அங்கேயே மடியும், அங்கேயே தின்னப்படும்,
சத்தமே வராது.

தேறி வெளியே வருவதற்குப் பெயர் டி அணு.
அந்த டி, ஆங்கிலத்தில் எழுதினால், தைமஸின் முதலெழுத்து.
நம் பெயருக்கு முன்னால்
அப்பா ஓர் எழுத்தாக நிற்பதுபோல.

இன்று பிற்பகல் நாற்பத்தேழாம் எலியின் சிறுகுடலை
விரித்து வைத்தேன்.
தேக்காவில் பூ அளந்தால் முழத்துக்குச் சற்றுக் குறையும்.
உப்புநீரில் அலசி, மேல்படலத்தைக் குலுக்கிப் பிரித்து,
சாயமேற்றி, லேசருக்கு முன்னால்
ஒவ்வோர் அணுவாக ஓடவிட்டேன்.

திரையில் ஒரு புள்ளி.
இன்னொன்று.
பிறகு ஒரு கொத்து.
காமா டெல்டா ஏற்பியை ஏந்திக்கொண்டு,
பார்க்காத வீட்டின் எழுத்தைப் போட்டுக்கொண்டு
யார் இவை?

ஹுவெய் லிங் நாற்காலியோடு உருண்டு வந்தாள்.
"கலப்படம்லா" என்றாள். மறுபடி ஓட்டச் சொன்னாள்.
மறுபடியும் கொத்து.
கிழட்டு எலியில் இன்னும் அடர்த்தி.

குடல் சுவரின் குழிகளுக்கு நடுவே
கடுகு தூவியதுபோல் சின்னத் திட்டுகள் உண்டு.
அங்கேயே முளைத்து அங்கேயே தேறியவை
என்கிறது ஒரு கட்சி.
முழு எலியில் எல்லாமே தைமஸ் வழி வந்தவை,
வந்த வழியை நீங்கள் பார்க்கவில்லை
என்கிறது மறுகட்சி.
மனித உடம்பில்? கல்லீரலைக் காட்டுவார்கள்,
டான்சிலைக் காட்டுவார்கள்,
சத்தியம் மட்டும் செய்யமாட்டார்கள்.

என் பையில் ஒரு கடிதம்.
முப்பதாகிவிட்டது, அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும்.
இளவெயினி டாட்டர் ஆஃப் காசிலிங்கம்.
தமிழ் வகுப்பில் கா. இளவெயினி.
காசிலிங்கத்தை நான் பார்த்ததில்லை.
நிழற்படம்கூட இல்லை.

அம்மா துவாஸில் கப்பல் பட்டறை கேண்டீனில் சோறு போட்டாள்.
அரிசி மூட்டைமேல் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.
எதைக் கடிக்கலாம், எதைக் கடிக்கக்கூடாது என்பதை
யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை.
வெல்டர் ரஃபீக் கண்ணாடியைக் கழற்றும் விதம்,
பாக்கி எழுதும் மேடம் சோ பேனாவை மூடும் விதம்,
கிரேன் விழுந்த மறுநாள்
சாப்பிடாமல் திரும்பிய தட்டுகள்.

அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளியில் கேட்டார்கள்.
"எழுத்து" என்றேன்.
எழுத்தாளரா என்று ஆசிரியை மகிழ்ந்துபோனார்.
திருத்தவில்லை.

பதிவேட்டில் மூன்றாம் கட்டம்: தோன்றிய இடம்.
குடல் என்று பென்சிலில் எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
ஹுவெய் லிங் எட்டிப் பார்த்துவிட்டு
கேள்விக்குறியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள்.

ஏழு மணி. விளக்கு அணைந்தது.
கூண்டுகளில் மரத்தூள் சரசரக்கத் தொடங்கியது;
அவற்றுக்கு இப்போதுதான் விடிகிறது.

நாளை லவெண்டரில் வரிசை எண் எடுக்க வேண்டும்.
படத்தில் முகம் முழுதாகத் தெரிய வேண்டுமாம்.
முடியை ஒதுக்கிப் பார்த்தேன், லிஃப்ட் கண்ணாடியில்.
மேலே மழை விட்டிருந்தது.
குடையை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.